இப்படிக்கு, எக்ஸ் எக்ஸ் எக்ஸ்

என் காலத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டாம் தாளில் ஒரு கடிதம் உண்டு. உங்கள் தெருவில் பல நாளாகக் குப்பை அள்ளவில்லை, நகராட்சி ஆணையருக்குப் புகார் எழுதுக. அனுப்புநர் பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ஊர் ஒய் ஒய் ஒய். விடைத்தாளில் பையன் இன்னார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கடிதம் முடிந்ததும் கீழே ஒரு கட்டம் போட்டு அதற்குள் பெறுநர் முகவரி எழுத வேண்டும். அந்தக் கட்டம்தான் உறை. கட்டம் போடாதவனுக்கு மதிப்பெண் குறையும். "ஸ்கேல் வெச்சுப் போடுங்கடா, திருத்தறவருக்கு உங்க மேல ஒரு மரியாதை வரும்" என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

1987-ல் வேலைக்குச் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றேன். என் சிவப்பு மை பட்ட புகார்க் கடிதங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அத்தனை குப்பையும் அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே கிடந்தது. ஒன்றே ஒன்றுதான் கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. அதைச் சொல்வதற்கு முன் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரை. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பள்ளியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் வந்து, மீதி தூரமெல்லாம் தமிழ்நாட்டில் ஓடிக் கடலில் சேருகிறது என்று பூகோளப் பாடம் சொல்லும். 'ஓடி' என்பது பூகோளப் பாடத்தின் சொந்தக் கருத்து. எங்களுக்குப் பாலாறு என்றால் மணல். அந்த மணலில் முழங்கை ஆழம் கையால் பறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கலங்கலாக ஊறும், பிறகு தெளியும், கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றலாம். அவசரப்பட்டால் மண்தான் வரும். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் என்பது ஆறு எங்களுக்கு வைத்திருந்த ஒரே விதி.

ஆரம்பப் பள்ளியில் கைத்தொழில் பீரியட் இருந்தது. 1937-ல் வார்தாவில் காந்தி தொடக்கிவைத்த ஆதாரக் கல்வியின் கடைசி மூச்சு அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? தக்ளியில் நூல் நூற்றோம், அதாவது அறுத்தோம். தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி. ஆற்று ஊற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கத்தரிச் செடிக்கு ஊற்றினோம். இன்றைக்கு அதே காரியத்தைச் செய்தால் செயல்திட்டவழிக் கற்றல், நீர் மேலாண்மை, குழு மனப்பான்மை என்று மூன்று தலைப்பில் போட்டோ வந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது, காய்த்த கத்தரிக்காய் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போகிறது என்ற அரசியல் ஞானம் மட்டும்.

ஆறாம் வகுப்புக்குப் போனதும் ஆங்கிலம் வந்தது. கூடவே இயற்கையும் வந்தது. அதுவரை எங்களிடம் இருந்தது இயற்கை என்றே எங்களுக்குத் தெரியாது. டென்னிசனின் 'தி ப்ரூக்' பாட்டை, ஓடவே ஓடாத ஆற்றின் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். பிறகு வேர்ட்ஸ்வொர்த். டாஃபோடில் வந்த அன்று ஒருவன் எழுந்து கேட்டான்.

"டாஃபோடில்னா இன்னா சார்?"

"ஒரு பூடா."

"எப்டி சார் இருக்கும்?"

"மஞ்சளா இருக்கும்."

"ஆவாரம்பூ மாதிரியா சார்?"

ஆசிரியர் ஒரு கணம் யோசித்தார். "ஆவாரம்பூ எல்லாம் பாட்டுல வராது. உக்காரு."

அதே ஆவாரம் பட்டையில்தான் அந்த நாளில் எங்கள் ஊர்த் தோல்கள் பதமாயின. ஊரைச் சுற்றி தோல் ஷாப்புகள். தோல் பதனிடும் தொழிற்சாலை என்பது செய்தித்தாள் பாஷை. எங்களுக்குத் தோல் ஷாப்பு. பட்டை ஊறிய தண்ணீர் செம்பட்டையாகக் கால்வாயில் போகும். நாற்றம் உண்டு, ஆனால் அது எங்கள் நாற்றம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்தால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். எழுபதுகளில், அரைகுறையாகப் பதம்செய்த தோலாக அனுப்பாதே, முடித்த சரக்காக ஏற்றுமதி செய் என்று டெல்லி சொன்னது. குரோம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறின தோல் குரோமில் சில நாளில் பதமானது. கால்வாய்க்கும் புது நிறம் கிடைத்தது. தொழிலில் அந்தப் பதத்துக்குப் பெயரே 'வெட் ப்ளூ'.

இடையில் நான் பி.எட். படித்தேன். கில்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1918-ல் எழுதிய 'ப்ராஜெக்ட் மெத்தட்' பற்றி ஒரு கேள்வி வரும். மாணவன் உட்கார்ந்து கேட்கக் கூடாது, எழுந்து செய்ய வேண்டும், செய்யும்போது கற்க வேண்டும். நன்மைகள் ஏழு, தீமைகள் ஐந்து. நான் உட்கார்ந்து, கேட்டு, ஒன்றையும் செய்யாமல், பன்னிரண்டையும் வரிசை மாறாமல் ஒப்பித்து எழுதித் தேறினேன்.

இனி அந்தக் கடிதம். 1994. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஐம்பத்திரண்டு பேர். எனக்கு முன்னால் இருந்த ஆங்கில ஆசிரியர் ஓய்வு பெறும்போது என்னிடம் ஒரு நீள நோட்டை ஒப்படைத்திருந்தார். அதில் எல்லாக் கடிதங்களும் எல்லாக் கட்டுரைகளும் இருந்தன. மாசு, மரம் வளர்ப்போம், ஒரு மழை நாள், நான் பிரதமரானால். சொத்து மாதிரி அது கைமாறி வந்தது. அவருக்கும் யாரோ கொடுத்ததுதான். நான் சொல்லச் சொல்லப் பையன்கள் எழுதுவார்கள். எங்கள் தெருவில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது, கொசுக்கள் பெருகிவிட்டன, குழந்தைகளும் முதியோரும் அவதிப்படுகிறார்கள், தாங்கள் தக்க நடவடிக்கை எடுத்தால் என்றென்றும் நன்றியுடையவர்களாயிருப்போம். ஐம்பத்திரண்டு நோட்டிலும் அதே கொசு.

மேஸ்திரி மகன் என்று ஒருவன் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. அவன் நோட்டில் மட்டும் கொசுவுக்கும் முதியோருக்கும் நடுவே ஒரு வரி அதிகமாக இருந்தது. எங்கள் கால்வாய்த் தண்ணீர் திங்கட்கிழமை நீலமாக இருக்கிறது, வியாழக்கிழமை செம்பட்டையாக இருக்கிறது, என் தங்கை காலில் புண். தப்பும் தவறுமான ஆங்கிலம். 'இஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்'. நான் அந்த வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, பாடத்துக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். குறைத்த கைதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

அவன் கட்டம் போடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நிஜ உறை வாங்கியிருந்தான். கடிதத்தைப் படியெடுத்து, மடித்து, உறையில் முகவரி எழுதி, நகராட்சி அலுவலக வாசலில் இருந்த புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டான். அனுப்புநர்: எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய்.

பத்து நாள் கழித்து ஒரு சுகாதார ஆய்வாளர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆசிரியர் அறைக்குள் வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"சார், இது உங்க லெட்டர்தானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஒண்ணும் எழுதலையே."

"நீங்க எழுதலை சார். நானும் இந்த ஸ்கூல்தான், அறுபத்தெட்டு செட். இந்தக் கொசு, இந்த முதியோர், என்றென்றும் நன்றி, எல்லாம் அப்படியே நான் எழுதினது. படிக்கறப்பவே கை எழுத ஆரம்பிச்சிடுச்சு." கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இந்த மூணு எக்ஸ் யாருன்னுதான் தெரியலை. எனக்குத் தெரிஞ்ச மூணு எக்ஸ் ரம்மு ஒண்ணுதான்."

வகுப்புக்கு அழைத்துப்போனேன். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் யார் என்று கேட்டார். ஐம்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை எல்லோருமே எக்ஸ் எக்ஸ் எக்ஸ்தான். சென்ற பரீட்சையில்கூட அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆய்வாளர் நல்ல மனிதர். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்காதவர் தலைமையாசிரியர். பள்ளி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தோல் ஷாப்பு இருந்தது. புது ஆய்வுக்கூடம் அவர்கள் கட்டிக்கொடுத்தது. லிட்மஸ் தாளை எங்கள் பையன்கள் அங்கேதான் நனைத்தார்கள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நீலம் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, இங்கிலீஷ்ல எழுதினான். யாரும் படிக்கலை. தமிழ்ல எழுதியிருந்தான்னா நம்ம ரெண்டு பேரும் இந்நேரம் கமிட்டி ரூம்ல நின்னுட்டிருப்போம்" என்றார்.

மறுநாள் நகராட்சி டிராக்டர் வந்தது. மேஸ்திரி மகன் தெருமுனையில் குப்பைத் தொட்டியைச் சுத்தமாகக் காலிசெய்து, சுற்றி பிளீச்சிங் பவுடர் போட்டு, கொசு மருந்தும் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவில் குப்பைப் பிரச்சினையே இருந்ததில்லை. மாதிரிக் கடிதத்தில் கேட்டிருந்ததை ஒரு வரி விடாமல் நிறைவேற்றியிருந்தார்கள். கால்வாய் வியாழக்கிழமை செம்பட்டையாக ஓடியது.

அடுத்த வருஷத்திலிருந்து நான் மாதிரிக் கடிதத்தின் பொருளை மாற்றிவிட்டேன். தேர்வு நேரத்தில் ஒலிபெருக்கித் தொல்லை.

கட்டுரை அழகாக முடிய வேண்டும் என்றால் மேஸ்திரி மகனைச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஆக்கலாம். ஆகவில்லை. பத்தாவதோடு நின்று ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனுக்குப் போனான்.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். எங்கள் பக்கம் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று அதில் வருகிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஆங்கில நாளேட்டில் நீளமாக வந்திருந்தது. நல்ல ஆங்கிலம். நான் அதைக் கத்தரித்து ஸ்டென்சில் வெட்டி வகுப்பில் கொடுத்தேன்.

பெருமைப்பட்டுவிடாதீர்கள். காம்ப்ரிஹென்ஷன் பயிற்சிக்காகக் கொடுத்தேன். பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி. 'ஹசார்டஸ்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? 35,000-ஐ எழுத்தால் எழுது. இரண்டாம் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்று. தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி நாட்டின் தலைமை நீதிமன்றம் பேசியிருப்பதை அந்தப் பையன்கள் செயப்பாட்டு வினையில் மாற்றினார்கள். நிலம் கெடுக்கப்பட்டது, கிணறுகள் பாழாக்கப்பட்டன. செயப்பாட்டு வினையில் ஒரு வசதி உண்டு: யாரால் என்று சொல்லாமல் விட்டால் மதிப்பெண் குறையாது.

இதெல்லாம் நடக்கும் முன்பே, 1991 நவம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொல்லியிருந்தது: சினிமாக் கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றி இலவசமாக ஸ்லைடு போட வேண்டும், பள்ளி கல்லூரிகளில் அதைப் பாடமாக்க வேண்டும். எங்கள் ஊர்க் கொட்டகையில் ஸ்லைடு வரும் நேரம் முறுக்குத் தட்டு வரும் நேரம். பள்ளிக்குள் அது வந்து சேர இன்னும் பத்து வருஷத்துக்கு மேலானது. 2003 டிசம்பரில் அதே நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் பாடத்திலும் சுற்றுச்சூழல் முளைத்தது. தேசியப் பசுமைப் படைக்கு எங்கள் பள்ளியில் நான்தான் பொறுப்பாசிரியர். ஆங்கில ஆசிரியரை ஏன் போட்டார்கள் என்றால், அறிக்கை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சென்னை, பள்ளிக்கரணைப் பக்கம். மகளும் மருமகனும் ஓ.எம்.ஆரில் வேலை. குடியிருப்பின் பெயரில் 'லேக்' இருக்கிறது. லேக் எங்கே என்று கேட்டேன். நாம் நிற்கிற இடத்துக்குக் கீழே இருக்கலாம் என்று மருமகன் சொன்னார். கிண்டலா நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பால்கனிக் கம்பியில் கொஞ்சம் எக்கிப் பார்த்தால் சதுப்பு நிலம் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அதற்கு அப்பால் நான் வந்த புதிதில் மலை மாதிரி நின்றது பெருங்குடிக் குப்பைக் கிடங்கு.

பேத்தி பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். சி.பி.எஸ்.இ.யில் ஆங்கிலத்துக்கே அகமதிப்பீடு 20 மதிப்பெண். ப்ராஜெக்ட் அதற்குள் வரும். அந்த ஆண்டு அவர்கள் குழுவுக்கு விழுந்தது நானி பல்கிவாலாவின் கட்டுரை. நோயுற்ற பூமியைப் பற்றி அவர் 1994-ல் எழுதியது, 'ஹார்ன்பில்' நூல் வழியாகப் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தது. அதில் ஒரு செய்தி. ஜாம்பியாவில் லுசாகா மிருகக்காட்சிசாலையில் ஒரு கூண்டு. உலகிலேயே ஆபத்தான விலங்கு என்று பலகை. உள்ளே விலங்கு இல்லை, கண்ணாடி. எட்டிப் பார்க்கிறவன் தன்னைத்தான் பார்ப்பான்.

"அந்தக் கூண்டை நாங்க செய்யப் போறோம் தாத்தா" என்றாள்.

நான் மகிழ்ந்துபோனேன். கில்பாட்ரிக் என்றெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே "சூப்பர் தாத்தா" என்றாள்.

பத்து நிமிஷத்தில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து கொடுத்துவிட்டுப் போனான்: தெர்மகோல் பலகை நான்கு, ஐஸ்கிரீம் குச்சி இருநூறு, பசைத் துப்பாக்கி, வெள்ளி ஸ்ப்ரே, எல்.இ.டி. விளக்குச் சரம். கண்ணாடி மட்டும் உடையக் கூடாதென்று குமிழ்ப் பிளாஸ்டிக் ஏழு சுற்று சுற்றித் தனியாக வந்தது. குச்சியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும், நீங்கள் ஐந்து பேர் தின்கிற ஐஸ்கிரீமுக்கு ஒரு மாதத்தில் சேர்ந்துவிடுமே என்றேன். "அது நீட்டா இருக்காது தாத்தா. ரூப்ரிக்ல நீட்னஸ் இருக்கு." காத்திருக்க அவளுக்கு நேரமில்லை, வெள்ளிக்கிழமை சப்மிஷன். தெர்மகோலை அறுக்க அறுக்க வெள்ளை உருண்டைகள் வீடு பூராவும் பறந்து, சோபா அடியிலும் சாம்பார்க் கிண்ணத்திலும் உட்கார்ந்தன. மூன்று நாள் அவற்றோடு வாழ்ந்தோம்.

கூண்டு நன்றாகவே வந்தது. அதை மறைக்கக் கூடாது. கம்பிக்கு வெள்ளிப் பூச்சு, உள்ளே கண்ணாடி, மேலே ஆங்கிலத்தில் அச்சிட்ட பலகை. நானே இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். காதோரம் முடி வெட்ட வேண்டியிருந்தது.

"தாத்தா, இன்னும் ரிஃப்ளெக்‌ஷன் 150 வார்த்தை வேணும்."

"அதான் கண்ணாடியே வெச்சிருக்கியேம்மா."

அவள் சிரிக்கவில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டாள். நான்கு நொடி. படித்துக் காட்டினாள். இந்தச் செயல்திட்டம் என் கண்களைத் திறந்தது, இயற்கை நமக்குச் சொந்தமல்ல, நாம் அதன் காவலர்கள், சிறு மாற்றமும் பெரும் தாக்கத்தை உண்டாக்கும். எனக்குக் கை பரபரத்தது. சுகாதார ஆய்வாளர் சொன்னது அப்போதுதான் முழுதாக விளங்கியது. அந்த நீள நோட்டு எங்கள் ஊரில் கரையான் அரித்துப் போய்விட்டதென்று நினைத்திருந்தேன். நன்றாக வளர்ந்து, உலகத்து நோட்டையெல்லாம் சேர்த்துக்கொண்டு, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, சதுப்பு நிலத்தையாவது கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுது என்றேன். அவளுக்கு அதைப் பற்றி என்னைவிட நிறையத் தெரியும். 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேர், ஒரு காலத்தில் இதைப்போல் பல மடங்கு இருந்தது, எல்லாம் வரிசையாகச் சொன்னாள். போனதில்லை, அவ்வளவுதான். பால்கனியிலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரேடியல் ரோட்டு ஓரம் நின்றோம். பின்னால் வண்டிகள் இரைந்துகொண்டிருந்தன. முன்னால் கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று, சேற்றில் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கல்யாண வீட்டில் பட்டுப் புடவை கட்டிய மாமி ஈரத் தரையைக் கடப்பது மாதிரிக் கடந்தது. பேத்தி போனை எடுக்க மறந்து நின்றாள். நிமிஷக் கணக்கில் நின்றாள். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியபோது "இவ்ளோ பெருசா!" என்றாள். ரூப்ரிக்கில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

திரும்பும்போதுதான் அந்த லாரியைப் பார்த்தோம். இடித்த கட்டிடத்தின் கற்களும் டைல்ஸும் உடைந்த வாஷ்பேசினும் சதுப்பின் விளிம்பில் கொட்டிக்கொண்டிருந்தது. பேத்தி போட்டோ எடுத்தாள். அவளிடம் புகார் ஆப் ஒன்று இருந்தது. அங்கேயே நின்று எழுத ஆரம்பித்தாள், யாரையும் கேட்காமல். ஆங்கிலத்தில் எழுதினாள்.

"தமிழ்ல எழுதேம்மா. படிக்கறவங்களுக்குச் சுலபம்."

இரண்டு வரி தமிழில் தட்டிப் பார்த்தாள். அழித்துவிட்டாள். "தமிழ்ல எழுதினா ரூடா இருக்கு தாத்தா. நிஜமாவே அவங்களைத் திட்டற மாதிரி இருக்கு."

பெயர் என்ற இடத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் ஆப் நகராது. அவள் தன் பெயரையே போட்டாள். என் சர்வீஸில் அப்படி ஒரு கடிதத்தை நான் திருத்தியதில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. குறிப்பிட்ட இடம் எங்கள் எல்லைக்குள் வராது. கூடவே இன்னொரு செய்தி: எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள்? எங்கள் ஊரில் டிராக்டராவது வந்தது.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. நானும் போனேன். ஏழு குழு, ஆறு பூமி உருண்டை. ஒரு பூமி வாயில் தெர்மாமீட்டர் வைத்திருந்தது. எங்கள் கூண்டுக்குத்தான் கூட்டம். பெற்றோர் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சீப்பை எடுத்துத் தலை வாரினார். எல்.இ.டி. வெளிச்சம் முகத்துக்கு நன்றாக இருக்கிறதென்று பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் யாரென்று சொல்ல மாட்டேன். ஏரிப் பார்வை வீடுகள் கட்டி விற்கிறவர் என்பது போதும். அவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார், பலகையை வாய்விட்டுப் படித்தார், "எக்ஸலன்ட் கான்செப்ட்" என்று சொல்லிச் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொண்டார். முதல் பரிசு. பரிசு, செடி ஒன்று, பிளாஸ்டிக் தொட்டியில்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ பாலாறு வழக்கு மறுபடி செய்தித்தாளில் வந்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி இன்னொரு தீர்ப்பு சொல்லியிருந்தது. முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு வருஷம் கழித்து. பேத்தியிடம் காட்டினேன். "நல்ல காம்ப்ரிஹென்ஷன் பேசேஜ் தாத்தா" என்றாள். அவள் என்னைக் கிண்டல் செய்தாளா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். நான் என் பழைய கதையை அவளிடம் சொல்லியிருந்தேன்.

கூண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து பால்கனியில் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே கிடந்தது. மைனா ஒன்று தினமும் வந்து கண்ணாடியில் தெரியும் மைனாவைக் கொத்திவிட்டுப் போகும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா அதைத் தூசி தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தார். பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளிலிருந்து வருகிறார். முன்பு கூவம் கரையில் இருந்தவர். ஆற்றைச் சீர்செய்கிறோம் என்று அவர்கள் தெருவையே பெயர்த்து அங்கே அனுப்பினார்கள். அந்தக் கதையை ஒருமுறைதான் சொன்னார். சொன்னபோதும் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும் நேரம், பால்கனியில் குந்தி உட்கார்ந்து, கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை நேராக வைத்து, வியர்வையில் நழுவியிருந்த பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பேப்பரோடு அங்கே போய் நின்றேன்.

"இன்னா சார் இது, பாப்பா செஞ்சதா? கூண்டுக்குள்ள கண்ணாடி வெச்சிருக்கு."

"ஸ்கூலுக்குச் செஞ்சது."

"மேல இங்கிலீஷ்ல இன்னாமோ எழுதிருக்கே. இன்னா சார் அது?"

முப்பது வருஷம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். நான்கைந்து வார்த்தை. கண்ணாடிக்குள் இருந்து அவர் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடி, ஜாக்கிரதை, உடைஞ்சிடும்னு போட்டிருக்கும்மா" என்றேன்.

"இதை நான் எடுத்துக்கட்டா சார்? கூண்டு வாணாம். கண்ணாடி மட்டும்."

உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் தேடினேன்.